சிஸ்டர் வாங்கிய ஜெனரேட்டர்

சிஸ்டர் குடை வாங்கிய விதத்தை முதலில் சொல்லிவிட்டால், ஜெனரேட்டர் வாங்கிய விதம் யாருக்கும் ஆச்சரியமாக இருக்காது. திண்டிவனம் கடைத்தெருவில் ஒரு கடையில் கறுப்புக் குடை ஒன்றை விரித்துப் பார்த்தார். கம்பிகளை ஒவ்வொன்றாக நெருடினார். பிறகு கடைக்காரரிடம் தண்ணீர் கேட்டார். தாகத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்து அவர் செம்பில் கொண்டுவந்து நீட்டினார். சிஸ்டர் குடமாகக் கொண்டுவரச் சொன்னார். வாசலில் குடையை விரித்து அதன் கீழே சிஸ்டர் நின்றுகொள்ள, கடைக்காரர் பெஞ்சின் மேல் ஏறித் தண்ணீரை ஊற்ற வேண்டியதாயிற்று. மூன்றாவது குடைதான் தேறியது. அதற்குள் அவருடைய வெள்ளைச் சேலை தொப்பலாக நனைந்திருந்தது. மழைக்காலத்துக்கு முன்பே இப்படி நனைந்துவிட்டீர்களே என்று நான் கேட்டேன். கடை வாசலில் நனைந்தால் குடையை மாற்றிக் கொடுப்பார்கள், நடுரோட்டில் நனைந்தால் யார் மாற்றிக் கொடுப்பார்கள் என்று திருப்பிக் கேட்டார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் திண்டிவனத்தில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தேன். பத்துப் படுக்கை. ஒரு டாக்டரம்மா, ஒரு சிஸ்டர், இரண்டு ஆயாக்கள், நான். சிஸ்டருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் அழைத்தது. முகையூர்ப் பக்கம் பிறந்தவர். பெற்றோர் இருவரும் பிறர் கொல்லையில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்கப் போனவர்கள். மிஷன் பள்ளிக்கூடம் அவரைப் படிக்க வைத்து நர்ஸ் ஆக்கியது. நாற்பது வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதுவும்கூட யாரையும் சோதித்துப் பார்க்க முடியாத காரணத்தால்தான் என்று ஆயாக்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

ஆயாக்கள் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. சோதித்துப் பார்க்காத எதையும் அவர் ஏற்றுக்கொண்டதில்லை. புது ஊசிகள் வந்தால் ஒன்றை எடுத்துத் தன் கையிலேயே காய்ச்சி வடித்த தண்ணீரைக் குத்திக்கொள்வார். வலித்தால் அந்தப் பெட்டி முழுதும் திரும்பிப் போகும். வெந்நீர்ப் பையை முதலில் தன் வயிற்றில் வைத்துப் பார்ப்பார். விளக்கெண்ணெய்ப் புட்டி புதிதாக வந்தால் ஒரு கரண்டி குடிப்பார். மறுநாள் பாதிநாள் கொல்லைக்கும் வார்டுக்குமாக நடந்துவிட்டு, சாயங்காலம் என்னிடம் வந்து, "நல்ல சரக்குதான் கம்பவுண்டர், வச்சிக்கலாம்" என்று சான்று அளிப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் நாற்காலியை ஒரு கையால் அழுத்திப் பார்க்காமல் உட்கார மாட்டார். என் கல்யாணத்துக்கு வந்தபோது பந்தல் காலைப் பிடித்து ஆட்டிப் பார்த்ததை என் மாமனார் கடைசிவரை மறக்கவில்லை.

ஏன் இப்படி என்று ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். தங்கள் ஊரில் ஒன்றும் பயமில்லை என்று மருத்துவச்சி சொன்னதை நம்பி எல்லாரும் சும்மா இருந்ததில், மூன்று பெண்கள் பிரசவத்தில் செத்துப்போனார்கள் என்றார். பிறகு துணிகளை மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

ஜெனரேட்டர் விவகாரம் கரண்ட்டால் வந்தது. திண்டிவனத்துக்கு மின்சாரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தாலும், அது வேண்டும்போது இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. காற்றடித்தால் போகும். தூறல் விழுந்தால் போகும். சில நாள் காரணமே இல்லாமலும் போகும். வார்டில் அரிக்கேன் விளக்கு ஏற்றிக்கொள்வோம், தாழ்வாரத்தில் பெட்ரோமாக்ஸ். ஆபரேஷன் அறையில்தான் சங்கடம். அந்த நாளில் மயக்க மருந்து என்றால் ஈதர். மூக்கின் மேல் துணி போட்ட கம்பி வலையை வைத்து, சொட்டுச் சொட்டாக விடுவார்கள். பெட்ரோல் மாதிரி குப்பென்று பற்றிக்கொள்ளும் மருந்து அது. அந்த அறைக்குள் பெட்ரோமாக்ஸ் என்ன, ஒரு தீக்குச்சிகூட உரசக் கூடாது. ஆகவே டாக்டரம்மா ஒரு ஜெனரேட்டர் வாங்கிவிடுவது என்று முடிவு செய்தார். முடிவு செய்தவர், என்ன மாதிரி வேண்டும் என்று பார்க்கும் பொறுப்பை சிஸ்டரிடம் விட்டார். அது எவ்வளவு பெரிய தப்பு என்பது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மாவின் அண்ணன் மயிலம் பக்கத்தில் நிலபுலன் உள்ளவர். கிணற்றுக்கு ஆயில் இன்ஜின் வைத்திருந்தார். அதனால் இன்ஜின் என்று பெயருள்ள எல்லாவற்றிலும் தேர்ந்தவர் என்று ஓர் எண்ணம் அவருக்கு உண்டு. தங்கச்சி ஜெனரேட்டர் வாங்கப்போகிறாள் என்று கேள்விப்பட்ட இரண்டாவது வாரமே, எங்கிருந்தோ ஒரு பெரிய செட்டை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். இறக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்காரர்கள் வைத்திருந்ததாம். கிணற்றடியில் அதை நிறுத்திவிட்டு, மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக்கு மட்டுமில்லை, தெருவுக்கே வெளிச்சம் கொடுக்கும் என்றார்.

"தெருவுல யாருக்குங்க பிரசவம்?" என்று சிஸ்டர் கேட்டார்.

அண்ணன் கைப்பிடியைப் போட்டு நாலு சுற்றுச் சுற்றினார். இன்ஜின் இடிமுழக்கத்தோடு கிளம்பியது. வார்டில் இரண்டு குழந்தைகள் வீறிட்டன. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, சிஸ்டர் அதை நிறுத்தச் சொன்னார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கைப்பிடியைத் தானே பிடித்துச் சுற்றினார். அரைச் சுற்று போனதும் கைப்பிடி எதிர்த்து உதைத்தது. மணிக்கட்டில் பட்டென்று அடி. சிஸ்டர் மறுகையால் அதைப் பொத்திக்கொண்டார். அண்ணன் சிரித்தார்.

"இதெல்லாம் ஆம்பள வேல சிஸ்டர். உங்களுக்கு எதுக்கு?"

"ஆம்பள எப்ப வருவாரு, புள்ள எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியுங்களா? ரெண்டுல எது முன்னால வரும்னு சொல்லுங்க. வச்சிக்கிறேன்."

அண்ணன் தங்கச்சியின் முகத்தைப் பார்த்தார். டாக்டரம்மா கிணற்றைப் பார்த்தார். மாட்டுவண்டி வந்த வழியே திரும்பிப் போனது. அதற்குப் பிறகு ஒரு வருஷம் அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தால் சிஸ்டர் இருக்கும் பக்கம் திரும்பாமல் நேராக டாக்டரம்மா குடியிருக்கும் மாடிக்குப் போய்விடுவார்.

மறுநாள் சிஸ்டர் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கரண்ட் போனால் எது எது எரிய வேண்டும், எது எது ஓட வேண்டும் என்று பட்டியல். டாக்டரம்மா அதில் மின்விசிறி, கருவிகளைக் கொதிக்கவைக்கும் மின்சாரப் பெட்டி, மாடியில் இருக்கும் தம் ரேடியோ எல்லாவற்றையும் சேர்த்தார். மின்விசிறிக்குப் பதில் ஓலை விசிறியும் ஆயாவின் கையும் போதும், கொதிக்கவைக்க அடுப்பு இருக்கிறது, ரேடியோவில் வரும் சேதி எப்படியும் நாளைக்குப் பேப்பரில் வந்துவிடும் என்று சிஸ்டர் ஒவ்வொன்றாக அடித்தார். கடைசியில் மிஞ்சியது ஆபரேஷன் விளக்கு, பிறந்த குழந்தையின் தொண்டையில் உள்ளதை உறிஞ்சி எடுக்கும் சின்ன மோட்டார், வார்டில் ஒரு பல்பு, தாழ்வாரத்தில் ஒரு பல்பு. அவ்வளவுக்குப் போதுமான மிஷின் வேண்டும். கிளப்பும் கயிற்றைத் தான் ஒருத்தியே இழுத்தால் அது கிளம்ப வேண்டும். ஆயாக்கள் இரண்டு பேர் தூக்கினால் நகர வேண்டும்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது இல்லையா? நாலு மாதம் போனது.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுவிட்டுப் போன செட் ஒன்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, லீவு நாளில் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அழகான மிஷின்தானாம். ஆனால் எந்தத் திருகுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று விற்பவருக்கே தெரியவில்லை. "பிரெஞ்சு படிச்சவங்கள மட்டும் வேலைக்கு வைக்க முடியுமா கம்பவுண்டர்?" என்றார் வந்ததும். திண்டிவனத்திலேயே மைக்செட் வாடகைக்கு விடுகிற ஒருவர் தம்முடையதைக் கொடுக்க வந்தார். மழையில் நனையாமல் தாழ்வாரத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார் அவர். சிஸ்டர் அதைத் தாழ்வாரத்தில் ஓடவிட்டு, வார்டுக் கதவருகே ஸ்டூல் போட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்தபோது தலைசுற்றிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கு முழுதும் வாந்தி. எந்த மிஷினாக இருந்தாலும் அது கட்டடத்துக்கு வெளியே, புகை ஜன்னலுக்குள் வராத பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அப்படித் தெரியவந்தது. உடனே கிணற்றடியிலிருந்து ஆபரேஷன் அறை ஜன்னல்வரை எட்டு வைத்து அளந்தார். முப்பத்திரண்டு எட்டு.

இந்த நாலு மாதமும் நாங்கள் அவரைக் கேலி செய்தோம். ஆயாக்கள் ஒவ்வொரு நாளும் காலையில், இன்றைக்கு எந்த ஊர் மிஷினுக்குப் பெண் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரித்தவன்தான்.

கார்த்திகை மாதத்தில் ஒரு சாயங்காலம் சிரிப்பு நின்றது. ஒரு பெண்ணுக்கு வயிற்றைத் திறந்து குழந்தையை எடுக்க வேண்டியிருந்தது. வெளியே மழை. டாக்டரம்மா கத்தியை வைத்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும், கரண்ட் போய்விட்டது. அறை முழுக்க ஈதர் வாடை. சிஸ்டர் கத்தவில்லை. நிதானமான குரலில் டார்ச் லைட் என்று மட்டும் சொன்னார். எங்களிடம் இருந்தது இரண்டு. நான் வெளியே ஓடி, அந்தப் பெண்ணின் புருஷனிடமிருந்து ஒன்றும் எதிர்க்கடைக்காரரிடமிருந்து ஒன்றும் வாங்கிவந்தேன். ஆயாக்கள் இருவரும் நானும் சிஸ்டரும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்தோம். அந்த வெளிச்சத்தில் டாக்டரம்மா குழந்தையை எடுத்துத் தையல் போட்டார். குழந்தை அழுதது. தாயும் பிழைத்தாள். ஆனால் ரத்தம் நிற்கும் இடம் தெரியாமல் டாக்டரம்மா தடவிக்கொண்டிருந்த அந்தச் சில நிமிஷங்கள் எங்கள் ஐந்து பேருக்கும் மறக்காது.

கையைக் கழுவிக்கொண்டே டாக்டரம்மா சொன்னார். "எங்க அண்ணன் கொண்டாந்தது இருந்திருந்தா இன்னிக்கு வெளிச்சம் இருந்திருக்கும், சிஸ்டர்."

சிஸ்டரால் பதில் சொல்லியிருக்க முடியும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கைப்பிடி சுற்றத் தெரிந்த ஆம்பிளை ஒருவரும் இல்லை. நான் சுற்றியிருப்பேனா என்றால், எனக்கே தெரியாது. ஆனாலும் அவர் போய் ரத்தத் துணிகளை வாளியில் ஊறப்போட்டார். ஆயா கொண்டுவந்து வைத்த சோற்றைத் தொடவில்லை.

இரண்டு நாள் கழித்து என்னிடம் வந்தார். விழுப்புரத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், மிஷின்களை நாலைந்தாக வரிசையில் வைத்து விற்கிற கடை ஒன்று இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும். நான் வருகிறேன் என்றேன்.

"நீங்க வந்தாலும் வரலன்னாலும் சரி. ருக்மணியக் கூட்டிக்கினு வரணும்" என்றார்.

ருக்மணி என் மனைவி. ஏழு மாதக் கர்ப்பிணி. எதற்கு என்று கேட்டபோது சிஸ்டர் தன் பையிலிருந்து மரக்குழலை எடுத்துக் காட்டினார். கர்ப்பிணியின் வயிற்றில் ஒரு முனையை வைத்து, மறுமுனையில் காதை வைத்து, உள்ளே குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிற குழல் அது. ஜெனரேட்டர் ஓடும்போது அந்தத் துடிப்புக் காதில் விழுமா விழாதா என்று பார்க்க வேண்டும். துடிப்புக் கேட்காவிட்டால், வெளிச்சம் இருந்து என்ன பயன்? அது அவருக்கு மிகவும் இயல்பான கேள்வியாக இருந்தது. எனக்கு அதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் ருக்மணி கேட்டதும் கிளம்பிவிட்டாள். விழுப்புரத்தில் நல்ல காபி கிடைக்கும் என்பது ஒரு காரணம். கல்யாணமாகி அதுவரை அவள் அந்த ஊரைப் பார்த்ததில்லை என்பது இன்னொன்று.

கடைக்காரர் மைக்செட்டும் சீரியல் பல்பும் வாடகைக்கு விட்டுக்கொண்டே இதையும் விற்பவர். சிவப்பான தடித்த மனிதர், வாயில் வெற்றிலை. கர்ப்பிணிப் பெண்ணோடு ஒரு நர்ஸும் ஒரு ஆளும் வந்து நிற்பதைப் பார்த்து, ஆஸ்பத்திரி இன்னும் மூணு தெரு தள்ளிங்க என்று வழி சொன்னார். சிஸ்டர் விஷயத்தைச் சொன்னதும் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

கடைக்குப் பின்னால் சாமான் போட்டு வைக்கும் அறையில் பெஞ்சு போட்டு, ஒரு கல்யாணப் பந்தல் துணியைத் திரையாகக் கட்டி, ருக்மணியைப் படுக்கவைத்தார்கள். சிஸ்டர் அந்த ஜன்னலிலிருந்து முப்பத்திரண்டு எட்டு வைத்துத் தெருவுக்கே போய்விட்டார். போய் நின்ற இடத்தில்தான் மிஷின் ஓட வேண்டும் என்றார். கடைப் பையன்கள் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். ஜனங்கள் கூடிவிட்டார்கள். ஏதோ கட்சிக் கூட்டத்துக்கு மைக் கட்டுகிறார்கள் என்று நினைத்துச் சிலர் முன்வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தும்விட்டார்கள்.

ஒவ்வொரு மிஷினுக்கும் முதலில் சிஸ்டர் போய்க் கயிற்றை இழுப்பார். கிளம்பினால் ஓட்டமும் நடையுமாகத் திரைக்குள் வந்து ருக்மணியின் வயிற்றில் குழலை வைத்துக் காதைப் பொருத்துவார். நடுவே ரயில் வந்தால், போகும்வரை கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்திவிடுவார். முதல் மிஷினை அவரால் இழுக்க முடிந்தது, துடிப்புக் கேட்கவில்லை. இரண்டாவதின் சத்தம் குறைவுதான், ஆனால் தரை அதிர்ந்தது. குழலில் அந்த அதிர்வு மட்டும்தான் வருகிறது என்றார். மூன்றாவதைப் பத்துத் தடவை இழுத்தும் அது கிளம்பவில்லை. கடைக்காரர் இழுத்ததும் கிளம்பியது. அதனாலேயே அது வேண்டாம் என்றார் சிஸ்டர்.

கடைக்காரருக்கு வேர்த்துவிட்டது. இவ்வளவுதான் இருக்கிறது என்று கையை விரித்தார். மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்ததை சிஸ்டர் காட்டினார். அது விற்பனைக்கு இல்லை, கல்யாணங்களுக்குத் தாமே எடுத்துப் போகிறது, பழசு, பெயின்ட் எல்லாம் போய்விட்டது, ஆஸ்பத்திரிக்கு வைத்தால் அசிங்கமாக இருக்கும் என்றார்.

"எல்லாத்தையும் வித்துட்டு நீங்க எதுக்கு இத வச்சிக்கினு இருக்கீங்க?" என்றார் சிஸ்டர்.

கடைக்காரர் சிரித்துக்கொண்டே சாக்கை உருவினார்.

அது சின்னதாக, அங்கங்கே துருவேறி, பச்சை நிறம் பாதி உதிர்ந்து இருந்தது. சிஸ்டர் ஒரு இழுப்பு இழுத்தார். கிளம்பியது. திரைக்குள் வந்தார். நான் ருக்மணியின் தலைமாட்டில் நின்றிருந்தேன். சிஸ்டர் கண்ணை மூடிக் குழலில் காதை வைத்து, மணிக்கட்டில் கடிகாரத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். உதடு அசைந்துகொண்டே இருந்தது. முழுசாக ஒரு நிமிஷம்.

"நூத்தி நாப்பத்திரெண்டு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களும் கேளுங்க" என்று நகர்ந்துகொண்டார்.

குனிந்து காதை வைத்தேன். வெளியே மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு அடியில், வெகுதூரத்தில் யாரோ கைக்கடிகாரத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போன மாதிரி ஒரு சத்தம். அதுவரை நான் கம்பவுண்டர், மருந்து கலக்கித் தருகிறவன். அந்தக் குழலில் காதை வைக்க யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. நிமிர்ந்தபோது ருக்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் திரைக்கு வெளியிலிருந்து, குழந்தைக்கு மிஷின் பிடித்திருக்கிறதா என்று கேட்டார். ருக்மணிதான் பதில் சொன்னாள். தரையை அதிரவைத்த மிஷினுக்கு உதைத்ததாம், இதற்கு உதைக்கவில்லையாம்.

என் மகள் பிறந்தது பட்டப்பகலில், கரண்ட் ஒரு நிமிஷம்கூடப் போகாத ஒரு நாளில். கிணற்றடிக்கு வந்துவிட்ட பச்சை மிஷினுக்கு அன்று வேலையே இல்லை. சிஸ்டருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மிஷின் தன் தகுதியைக் காட்டியது அடுத்த மழைக்காலத்தில். புயல் அடித்து ஊரில் மூன்று நாள் கரண்ட் இல்லை. ஏழு பிரசவம், அதில் ஒன்று ஆபரேஷன். சிஸ்டர் கயிற்றை இழுப்பார், மிஷின் கிளம்பும். மூன்று இடத்தில் வெளிச்சம் வரும். மூன்றாம் நாள் டாக்டரம்மா அந்தப் பச்சை மிஷினைப் பார்க்கக் கிணற்றடிக்கு வந்து குடை பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார். மாடிக்குப் போய் இரண்டு டம்ளர் காபி போட்டு, ஒன்றைத் தம் கையாலேயே சிஸ்டரிடம் கொண்டுவந்து கொடுத்தார். சிஸ்டர் வாங்கி, சூடு எப்படி என்று விளிம்பில் உதட்டை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

அண்ணனுக்கும் அந்தச் சேதி போயிருக்க வேண்டும். ஒரு வருஷக் கோபத்தை விட்டுவிட்டு வந்து, மகன் கல்யாணத்துக்கு மைக் வைக்க மிஷினை இரண்டு நாள் இரவல் கேட்டார். கொடுப்பதில் ஆட்சேபணை இல்லை, அந்த இரண்டு நாளும் திண்டிவனத்தில் யாருக்கும் வலி எடுக்காது என்று எழுதிக் கொடுத்தால் போதும் என்று சிஸ்டர் சொன்னார். அண்ணன் விழுப்புரம் கடையிலிருந்து வேறொன்றை வாடகைக்கு எடுத்தார். அந்த மிஷின் தாலி கட்டுகிற நேரத்தில் நின்றுபோனது. அதற்கும் சிஸ்டர்தான் காரணம் என்று அவர் கடைசிவரை நம்பினார்.

இப்போது சொல்லப்போவது அதற்கு மூன்று வருஷம் கழித்து நடந்தது.

சிஸ்டர் இளைத்துக்கொண்டே வந்தார். வேலை செய்யும்போது அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதை ஆயாக்கள் பார்த்துச் சொன்னார்கள். டாக்டரம்மா வற்புறுத்திச் சோதித்தார். கர்ப்பப்பையில் கட்டி. எடுத்தாக வேண்டும். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன், அங்கே பெரிய பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள் என்றார் டாக்டரம்மா. சிஸ்டர் மறுத்துவிட்டார். அங்கே யாருடைய கை எப்படி என்று எனக்குத் தெரியாது, இந்தக் கையைப் பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன் என்றார். டாக்டரம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அதுவும் மழைக்காலம். சிஸ்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. தினமும் காலை எட்டு மணிக்குக் கிணற்றடிக்குப் போய் ஒரு தடவை மிஷினைக் கிளப்பி, ஐந்து நிமிஷம் ஓடவிட்டு நிறுத்துவார். ஆபரேஷனுக்கு முதல் நாளே படுக்கையில் சேர்த்துவிட்டதால், காலையில் அதை நான் செய்வதாக ஏற்பாடு. மெட்ராஸிலிருந்து மயக்க மருந்து கொடுக்க வரும் டாக்டரை பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அழைத்துவர வேண்டியிருந்தது. மருந்துகளை எடுத்து வைக்க வேண்டியிருந்தது. உண்மையில் அதெல்லாம் சாக்கு. அன்று காலை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மறந்துவிட்டேன்.

பத்து மணிக்கு அவரை மேஜையில் படுக்கவைத்தோம். வெள்ளைச் சேலை இல்லாமல், தலைமுடியைத் துணியால் கட்டி, அவர் பார்க்க யாரோ போலிருந்தார். மூக்கில் வலையை வைப்பதற்கு முன் தலையைத் திருப்பி என்னைத் தேடினார்.

"மிஷின இழுத்துப் பாத்தீங்களா கம்பவுண்டர்?"

"பாத்தேன் சிஸ்டர். ஒரே இழுப்புல கௌம்பிச்சி" என்றேன்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். "சரி" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

எத்தனை வருஷம் அவரோடு வேலை செய்தேன். நான் சொன்ன ஒரு சொல்லைக்கூட அவர் சும்மா ஏற்றுக்கொண்டதில்லை. பாட்டிலில் எழுதி ஒட்டியிருந்தால்கூட மூடியைத் திறந்து மோந்து பார்ப்பார். ஈதர் சொட்ட ஆரம்பித்ததும் நான் அறையைவிட்டு வெளியே வந்தேன். பிறகு ஓடினேன்.

கயிற்றைச் சுற்றி இழுத்தேன். கிளம்பவில்லை. மறுபடியும் இழுத்தேன். இல்லை. வானம் மூடிக்கொண்டு வந்தது. ஐந்தாவது இழுப்பில் கை வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோதுதான் டாங்கிக்குக் கீழே பெட்ரோல் குழாயின் திருகு மூடியிருப்பது தெரிந்தது. சிஸ்டர் ஒவ்வொரு நாளும் நிறுத்திய பிறகு அதை மூடிவிடுவார். திறந்தேன். இழுத்தேன். கிளம்பிவிட்டது.

நிறுத்த மனம் வரவில்லை. கரண்ட் இருந்தது. அன்று முழுதும் போகவே இல்லை. ஆனாலும் ஒன்றரை மணி நேரம் அந்த மிஷினை ஓடவிட்டு, சேறு பூசிய வேட்டியோடு பக்கத்திலேயே நின்றேன். கரண்ட் இருக்கும்போது எதற்கு ஓடுகிறது என்று டாக்டரம்மா கேட்பதாக ஆயா வந்து சொன்னாள். டாக்டரம்மாவிடம் அப்புறம் சொல்கிறேன் என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் ஒரு சாக்கை எடுத்து என் தலையில் போட்டுவிட்டுப் போனாள். அப்போதுதான் தூறிக்கொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது.

கட்டி நல்லபடியாக வெளியே வந்தது. சிஸ்டர் பிழைத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு தாழ்வாரத்தில் நாலடி நடந்தார். நான் பக்கத்தில் நடந்தேன். இனிமேல் கனமாக எதையும் இழுக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டதால், மிஷினைத் தினமும் நான்தான் கிளப்ப வேண்டும் என்றார் சிஸ்டர். அதற்குமேல் என்னால் உண்மையை மறைத்து வைத்திருக்க முடியவில்லை.

"சிஸ்டர், அன்னிக்கு நான் பொய் சொல்லிட்டேன். மிஷின இழுத்துப் பாக்கல."

"தெரியும்" என்றார். "காலையிலருந்து காதத் தீட்டிக்கினு படுத்துக்கினு இருந்தேன். எட்டு மணிக்கு சத்தமே வரலியே."

நான் நின்றுவிட்டேன். "அப்புறம் ஏன் சரின்னு சொன்னீங்க?"

"உங்க மூஞ்சியப் பாத்தேன். எனக்கு மயக்கம் வந்த ஒடனே ஓடிப்போய் இழுத்துடுவீங்கன்னு தெரிஞ்சிது." இரண்டடி நடந்து மூச்சு வாங்கிக்கொண்டு, கையை நீட்டினார். "எத்தினி இழுப்பு?"

"ஆறு" என்றேன்.

"குழாயத் தொறக்க மறந்துட்டிருப்பீங்க" என்று சொல்லி, என் தோளைப் பிடித்து ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். பிறகு முழு பாரத்தையும் அதன் மேல் சாய்த்துக்கொண்டு நடந்தார்.